இறங்காத கோடு

நேற்றுக் காலை தாராவியிலிருந்து காஜா மைதீன் பாயின் மகன் போன் செய்தார். "வாப்பா மவுத்தாயிட்டாங்க அங்கிள். லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றார். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு லேபில் நானும் பாயும் பல ஆண்டுகள் ஒரே மேஜையில் வேலை பார்த்தோம். வளர்ச்சி ஹார்மோன் அளப்பது எங்கள் பொறுப்பு. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைச் சுரக்கிறது. கேட்பவர்களுக்கு அவர் இப்படிச் சொல்வார்: "மூளை ரெண்டு ஆள் வச்சிருக்கு. ஒருத்தன் 'விடு'ம்பான், இன்னொருத்தன் 'போதும்'பான். ரத்தத்துல ஹார்மோன் கூடினா சேதி மேல போவும். உடனே ரெண்டாமவன் கை ஓங்கிரும்."

அதை அளக்கும் புதிய சோதனைக் கிட் வந்தால், நோயாளிகளுக்குப் பயன்படுத்துமுன் எங்களில் ஒருவர் வெறும் வயிற்றில் சர்க்கரைக் கரைசல் குடித்து ரத்தம் கொடுப்பது வழக்கம். சர்க்கரை ஏறினால் ஹார்மோன் இறங்க வேண்டும். இறங்கினால் கிட் சரி. எப்போதும் அவரே முன்வருவார். "நோம்பு புடிச்ச உடம்பு சார், பசி தாங்கும்" என்பார்.

ஒரு முறை, அளவுகளைத் தாளில் குறித்து இழுத்த கோடு இறங்கவில்லை. கிட்டைத் திருப்பி அனுப்பினோம். அடுத்ததிலும் இறங்கவில்லை. விற்பனையாளர் கெஞ்சினார். "கிட்டத்தான் மாத்த முடியும். என்னைய மாத்த முடியுமாவே?" என்று அவரிடம் சிரித்தார் பாய். மூன்றாவது வந்தபோது, சந்தேகம் தீரட்டுமே என்று நானும் உடன் குடித்தேன். என் கோடு இறங்கியது. அவருடையது இறங்கவில்லை.

இருவரும் தாளையே பார்த்தோம். பிறகு அவர் குனிந்து தம் செருப்பைப் பார்த்தார். சமீபத்தில்தான் பெரிய அளவு வாங்கியிருந்தார். விரல் பருத்து, மோதிரத்தை முன்பே வெட்டி எடுத்தாயிற்று. எல்லாம் வயது என்றே இருவரும் நினைத்திருந்தோம்.

"மூளை சொல்லிக்கிட்டுதான் இருக்கும் சார்" என்றார். "சுரப்பில கட்டி வந்தா, அது கேக்காது."

மூக்கு வழியாகக் கட்டியை அகற்றினார்கள். அதன்பின் எடுத்த ரத்தத்தை நான்தான் அளக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அளந்தேன். நம்பிக்கையில்லாமல் மறுபடி அளந்தேன். கோடு இறங்கியிருந்தது, வேண்டிய இடம் வரை இல்லை. தாளோடு அவர் கட்டிலருகே போய் நின்றேன்.

"மிச்சம் இருக்கோ?" என்று அவரே கேட்டார். தலையசைத்தேன். "அப்போ கடைசி வரைக்கும் கூடவேதான் இருக்கும்" என்றவர், நான் சாப்பிட்டேனா என்று விசாரித்தார்.

ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டுக்கொண்டே வேலைக்கு வந்தார். இதயம் மெல்லப் பெருத்தது. பேச்சின் நடுவே சில சமயம் நிறுத்தி, உள்ளே எதையோ கேட்பவர்போல் இருப்பார். என்னவென்று கேட்க நான் துணிந்ததில்லை. இப்போது என் வீட்டிலும் அந்த மௌனம் வந்து விழுகிறது. பேச்சை நிறுத்திவிட்டு, அவர் தொடரட்டும் என்று காத்திருக்கிறேன்.

நேற்று மகன் முகத்துணியை விலக்கினார். அந்த அகன்ற முகத்தில், வேலைக்குச் சேர்ந்த நாளில் பார்த்த ஒல்லி முகத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. அந்தச் சுரப்பியும் இப்போது ஓய்ந்திருக்கும், யார் சொல்லியும் அல்ல.

கபரில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு நகராமல் நின்றேன். அடுத்து மண் போடப் பின்னால் நின்றவர் தோளைத் தொட்டார்.

இளைப்பாறுங்கள் பாய். நான் நகர்கிறேன்.