எங்கள் ரிக்குக்கு ஒரு வெப்சைட்

போர்வெல் தொழிலில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்கும் தெரியாது. ஆனால் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் பிழைப்பு நடக்காது. வெப்சைட்டும் இதே ஜாதி என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாமே செய்வதா, ஆள் வைத்துச் செய்வதா என்று புரண்டு புரண்டு படுக்கும் கடைக்காரர்களே, பட்டறைக்காரர்களே, நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஊமையான போன்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது போர் போடும் ரிக் வண்டி ஒன்றே ஒன்று. வீட்டுக்காரர் வண்டியோடு போவார். போன் எடுப்பது, டீசலுக்குச் சொல்வது, ஆட்களைக் கவனிப்பது எல்லாம் நான். வேலை ஏஜென்ட் மூலமாகத்தான் வரும். அந்த ஏஜென்ட் இந்தக் கோடையில் தானே ஒரு ரிக் வாங்கிவிட்டார். அதோடு எங்கள் போன் ஊமையாகிவிட்டது.

சீசனில் வண்டி நின்றால் ஆட்கள் நிற்க மாட்டார்கள். எங்கள் டிரில்லர் சுக்தேவ் சத்தீஸ்கர்காரன். வேறு வண்டிக்காரர்கள் அவனைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கிளம்பினால் மற்றவர்களும் பின்னாலேயே கிளம்புவார்கள். பிறகு அந்த ரிக்கை வைத்துக்கொண்டு துணிதான் காயப்போடலாம். ஏஜென்ட் இல்லாமல் நேராக வேலை பிடிக்க வெப்சைட் போடுவோம் என்றேன். சேலத்தில் செய்து தருகிறவர்களை விசாரிக்கட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். செல்போனிலேயே செய்யலாமாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பண்ணு புள்ள. ஆனா இதுக்கு லைசென்ஸ் கேக்க மாட்டாங்கங்கறதுதான் எனக்குப் பயமா இருக்குது."

நான் செய்தது

ராசிபுரம் பக்கம் ஒரு விவசாயக் காட்டில் நாங்கள் போட்ட போரில் தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீறிட்டது. அந்த வீடியோவை முகப்பில் வைத்தேன். கல்யாணத்துக்குப் படம் கொடுக்கிறவர்கள் நல்ல படமாகத்தானே கொடுப்பார்கள்? நினைத்தபடியே எருமப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். ஏஜென்ட் இல்லாமல் வந்த முதல் வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே போர் போடக் குறித்த பாயிண்டில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி வேலையை ஆரம்பித்தார்கள். நான் இங்கே போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். விவசாயி சொன்ன ஆழம் வரை ஓட்டியும் வெறும் புகைதான். ஈரமில்லாத குழியிலிருந்து கிளம்பும் கல்மாவுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். கடைசியில் அந்த விவசாயியே கூப்பிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"உங்க படத்துல அத்தன தண்ணி வந்துச்சுங்களே, அதப் பாத்துட்டுத்தானுங்க நாங்க வாய்க்காலே வெட்டி வெச்சிருந்தோம்."

சேலத்துத் தம்பி செய்தது

அதற்குப் பிறகு போன் அடித்தாலே எடுக்கத் தயங்கினேன். தண்ணீர் வீடியோவை எடுத்துவிட்டு, எங்கள் ஆட்கள் வண்டி முன்னால் நிற்கிற படத்தைப் போட்டேன். வேலை முடிந்த கையோடு எடுத்த படம். எல்லோரும் தலையிலிருந்து கால்வரை கல்மாவு. யார் எவர் என்றே தெரியாது. இனி நம்மால் ஆகாது என்று அந்த வெப்சைட்டைச் சேலத்தில் இதையே தொழிலாகச் செய்யும் ஒரு தம்பியிடம் ஒப்படைத்தேன். அவர் நான் செய்ததைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்கே நன்றி சொல்ல வேண்டும். படம் புழுதியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லித் தூக்கிவிட்டார். அந்த இடத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டு வந்து நின்றார்கள். எனக்கு வேறு யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனாலும் அதைப் பார்த்துவிட்டு எடப்பாடியிலிருந்து ஒரு தறிக்காரர் கூப்பிட்டார். போர் போடுகிற நாளில் ஆட்களுக்குச் சாப்பாடு இடத்துக்காரர் வீட்டில்தான். அது இங்கே வழக்கம். எல்லாம் பேசி முடித்தவர் போனை வைக்காமல் தயங்கினார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமான கவலை.

"அந்த வெள்ளைக்காரங்களுக்கு எங்க ஊட்டுச் சாப்பாடு ஒத்துக்குமாங்க?"

சுக்தேவ் சொன்னது

எடப்பாடிக்கு வண்டி கிளம்ப வேண்டிய காலையில் சுக்தேவ் தோளில் பையோடு வாசலில் வந்து நின்றான். போகிறான் என்றே முடிவு செய்துவிட்டேன். அவனோ செல்போனை நீட்டி, படம் எங்கே அக்கா என்று கேட்டான். நான் படம் போட்டிருந்த வெப்சைட்டின் லிங்க்கை அவன் ஊருக்கு அனுப்பியிருக்கிறான். அவன் அம்மா அதைத் தினமும் திறந்து பார்ப்பாராம். இப்போது திறந்தால் யாரோ சிரிக்கிறார்கள் என்று அழுதாராம். மாவில் புரட்டி எடுத்த மாதிரி நின்ற கூட்டத்தில் இவனை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். நிற்கிற விதத்திலேயே தெரியுமாம்.

அங்கேயே நின்று சேலத்துத் தம்பிக்குப் போன் போட்டேன். அந்தப் புழுதிப் படம் உடனே முகப்புக்கு வர வேண்டும் என்றேன். வெப்சைட்டே கெட்டுவிடும் என்று அவர் எவ்வளவோ சொன்னார். கெடட்டும் என்று சொல்லிவிட்டேன். பிறகு சுக்தேவிடம் நேராகவே கேட்டேன், வேறு வண்டிக்குப் போவதாகக் கேள்விப்பட்டேனே, நிஜமா என்று. அவன் பையைக் கழற்றி எங்கள் வண்டிக்குள் போட்ட பிறகுதான் பேசினான்.

"போறேன்னுதான் அம்மாகிட்ட சொன்னேன் அக்கா. அந்த வண்டிக்காரங்க உன் படம் போடுவாங்களான்னு கேட்டாங்க."

ஆகவே என்னைப் போல் தவிக்கும் முதலாளிகளே, வெப்சைட்டை நீங்களே செய்தாலும் சரி, ஆள் வைத்துச் செய்தாலும் சரி, வாடிக்கையாளர் பார்க்கிறாரோ இல்லையோ, உங்களிடம் வேலை செய்கிறவர்களின் அம்மாக்கள் தினமும் பார்க்கிறார்கள் என்ற பயத்தோடு செய்யுங்கள்.