மனசு ஆபீசில் நான் சொன்ன பேர்

போன வாரம் கண் காட்டுவதற்காகத் தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். முன்னால் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த பெண் என் பேரைக் கேட்டாள், சொன்னேன். ஊரைக் கேட்டாள், மொரப்பூர் என்றேன். "வீட்டுக்காரர் பேரு?" என்றாள். நான் அவள் தலைக்கு மேலே தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். "பாட்டிம்மா, காது கேக்கலையா?" என்று உரக்கக் கேட்டாள். காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பழுது கண்ணில்தான். கூட வந்திருந்த செல்வி, என் கொழுந்தனாரின் பேத்தி, பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "ஆயா சொல்லமாட்டாங்க. இதப் பாத்து அடிச்சுக்குங்க" என்றாள்.

செல்வி அவள் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். மாமியார் எதிரிலேயே கூப்பிடுகிறாள். கோபம் வந்தால் 'டேய்' கூட உண்டு. அவனும் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருக்கிறான். எங்கள் காலத்தில் புருஷன் பேரை வாயால் சொன்னால் அவருடைய ஆயுசு குறையும் என்பார்கள். அரூர் சந்தையில் ஒரு கத்தரிக்காய்க்காரருக்கு என் வீட்டுக்காரரின் பேர். அவரைக் கூப்பிட முடியாமல், "ஏனுங்க, உங்களத்தானுங்க" என்று நான் கத்த, நாலு கடைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கடைசியில் கத்தரிக்காயே வேண்டாம் என்று வந்துவிடுவேன்.

டாக்டர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நர்சம்மா ஒருத்தி பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் போனாள். ஸ்பிரிட் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு ஊசி ஞாபகம் வரும். எனக்கு வெள்ளை எலி ஞாபகம் வரும். சொன்னால் சிரிப்பீர்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தேன், எலிகளுக்குக் கம்பு போடும் வேலை.

ஜப்பான்காரன் பட்டணத்தில் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான வருஷம் அது. ரயில் ரயிலாக ஜனங்கள் படுக்கையும் அண்டாவுமாக எங்கள் பக்கம் வந்து இறங்கினார்கள். அப்போது நாங்கள் சேலம் ஜில்லா. அப்படி ஒருநாள் மொரப்பூர் ஸ்டேஷனில் பல்கலைக்கழகத்தின் மனோதத்துவ இலாகா முழுசாக இறங்கியது. முழுசாக என்றால் ஒரு வழுக்கைத் தலை புரொபசர், வட்டக் கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா, போக்கிடம் இல்லாத ஏழெட்டு மாணவர்கள், அப்புறம் வைக்கோல் அடைத்த மரப்பெட்டிகள். ஊர் நிலக்கடலை வியாபாரி ஒருவர் புரொபசருக்குத் தெரிந்தவர். அறுவடை வரும்வரை காலியாகத்தானே கிடக்கிறது என்று கடலை மூட்டை அடுக்கும் தன் கிட்டங்கியைக் கொடுத்தார்.

பெட்டிகளைப் பிரித்தபோது ஊரே கூடி நின்று பார்த்தது. சுற்றினால் எல்லா வர்ணமும் வெள்ளையாகிவிடும் தட்டு ஒன்று. தட்டினால் ரொம்ப நேரம் ரீங்காரம் போடும் இரும்புக் கவை ஒன்று. சுண்ணாம்பில் செய்த மூளை ஒன்று. அதைத் தனித்தனியாகக் கழற்றிக் கழற்றி மாட்டலாம். எலிகள் வழி தெரியாமல் திண்டாடுவதற்கென்றே பலகையில் சந்து சந்தாகச் செய்த பெட்டி ஒன்று. கடலைத் தோல் வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து ஒரு வாசனை அந்தக் கிட்டங்கிக்கு வந்துவிட்டது. அதை நான் அப்புறம் எங்கேயும் முகர்ந்ததில்லை.

இங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டவர்களுக்கு ஒரு மாணவன், "மனசைப் படிக்கிறோம்" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அது மனசு ஆபீஸ். காணாமல் போன எருமையை யார் ஓட்டிப்போனான் என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஒருத்தர் வந்தார். ஒரு அம்மா தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "இவரு மனச கொஞ்சம் மாத்திக் குடுங்க சாமி" என்றாள். புரொபசர் இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டு, வர்ணத் தட்டைச் சுற்றிக் காட்டி அனுப்பினார். அந்த அம்மாவின் புருஷன் அதற்குப் பிறகு தினமும் தட்டு பார்க்க வந்துகொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பதினேழு வயசு இருக்கும். கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகவில்லை, அவர் பட்டாளத்தில் சேர்ந்து ரயிலேறிப் போய்விட்டார். வீட்டில் நான், அத்தை, பள்ளிக்கூடம் போகும் கொழுந்தனார், மூன்று பேர்தான். அத்தை என்றால் என் மாமியார். இலாகாக்காரர்களுக்குச் சோறு பொங்கிப்போட அத்தையைக் கூப்பிட்டார்கள். கூட நானும் போனேன். அஞ்சாவது வரை படித்திருந்த என்னைத் தமிழ் எழுத்து தெரிந்த பெண் என்று டீச்சரம்மா உள்ளே வைத்துக்கொண்டார். எலிக்குத் தீனி போடுவது, கருவிகளை ஸ்பிரிட்டால் துடைப்பது, சோதனைக்கு ஆள் பிடித்துவருவது இவையெல்லாம் என் பொறுப்பு. எனக்குத் தலை கால் புரியவில்லை. தெருவில் போகும்போது இலாகாவே என் தலையில் நடப்பதாக ஒரு நினைப்பு.

சோதனைகளில் எனக்குப் பிடித்தது வார்த்தைச் சோதனை. எதிரே ஆளை உட்காரவைத்து டீச்சரம்மா ஒரு வார்த்தை சொல்வார். கேட்டவுடன் மனசில் எது வருகிறதோ அதை யோசிக்காமல் சொல்லவேண்டும். கையில் ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரத்தில் பதில் வந்தது என்று பார்ப்பார்கள். 'தண்ணி' என்றதும் ஒரு பெரிய மனுஷர் 'கள்ளு' என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். 'நெருப்பு' என்றதும் ஒருத்தி 'மாமியா' என்றாள். நான் எலிக்கூண்டுக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். இவ்வளவு பார்த்தவள் நான், என்னிடம் இந்த ஜம்பம் பலிக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மாணவர்களுக்குச் செய்துகாட்ட ஆள் கிடைக்கவில்லை. "நீயே உக்காரேம்மா" என்றார் டீச்சரம்மா. மாணவர்கள் சுற்றி நின்றார்கள். ஜன்னலில் ஊர் ஆட்கள் சிலர். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ராணி போல உட்கார்ந்தேன்.

"உப்பு" என்றார். "புளி" என்றேன்.

"மரம்."

"நெழலு."

"மழை."

"ஏரி."

டீச்சரம்மா புரொபசரைப் பார்த்துத் தலையாட்டினார். என்ன வேகம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

"ரயில்" என்றார்.

என் வாயிலிருந்து அவர் பேர் வந்துவிட்டது.

சும்மா வரவில்லை. இழுத்து, நீட்டி, யாரையோ கூப்பிடுவதைப்போல உரக்க வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் பட்டாளத்துக்குப் போன அன்று மொரப்பூர் பிளாட்பாரத்தில் எல்லோருக்கும் பின்னால் நான் நின்றேன். புதுப்பெண் முன்னால் போய் நிற்கக்கூடாது. ரயில் நகர்ந்ததும் அத்தை அவர் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டே பிளாட்பாரம் முடியும்வரை ஓடினார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கூவல் எனக்குள்ளே அப்படியே இருந்திருக்கிறது. அதுதான் வந்தது.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையால் வாயை மூடிக்கொண்டேன். டீச்சரம்மாவுக்கு என் வீட்டுக்காரர் பேர் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்து அவர் கடிகாரத்தைக் கீழே வைத்தார். குரலை மெதுவாக்கிக்கொண்டு, "யாரும்மா அது?" என்றார். நான் எப்படிச் சொல்வது? "பயப்படாதே, சொல்லு. உனக்குத் தெரிஞ்சவரா?" என்றார். மனசில் ஒளித்துவைத்திருப்பதுதான் வாயை அடைக்கும் என்பது அவர் படிப்பு. ஒரு மாணவன் தொண்டையைச் செருமினான். ஜன்னல் பக்கம் யாரோ சிரித்தார்கள். பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி எவனோ ஒருத்தன் பேரைச் சொல்லிக் கூவினாள் என்று அந்த மாணவர்களின் முகத்தில் எழுதியிருந்தது. இல்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"எம் பையன் பேருங்க அது" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மோர்ப் பானையோடு அத்தை நின்றுகொண்டிருந்தார். "பட்டாளத்துக்குப் போயிருக்கறானுங்க." அத்தை பானையை இறக்கிவைத்து, "மோரு ஊத்தட்டுங்களா?" என்று கேட்டார். எல்லோருக்கும் ஊற்றினார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் என்னை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், "ஒரு கும்புடு போட்டுக்க" என்றார். அவ்வளவுதான். வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

சனிக்கிழமைதோறும் புரொபசர் எல்லோரையும் உட்காரவைத்து அந்த வாரத்து இலாகா செய்திகளைச் சொல்வார். பட்டணத்தில் இருந்தபோது வைத்திருந்த பழக்கமாம். அந்த வாரச் செய்தி எனக்கு மனப்பாடம். வர்ணத் தட்டின் வார் அறுந்துவிட்டது. எலிகளில் இரண்டைக் காணவில்லை. வார்த்தைச் சோதனை நல்லபடியாக நடந்தது. நான் கூண்டுக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குண்டு விழவில்லை. கடலை அறுவடைக்கு முன்னால் இலாகா பெட்டி கட்டிக்கொண்டு பட்டணம் போய்விட்டது. டீச்சரம்மா ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் கிளம்பும்வரை நின்றார். அடுத்த வருஷம் பர்மா பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்தது. செத்துப்போனார் என்று வரவில்லை. காணவில்லை என்று வந்தது.

பர்மாவில் விழும் குண்டுக்கு மொரப்பூரில் ஒரு பெண் என்ன சொன்னாள் என்று எப்படித் தெரியும்? எனக்கும் அது புரியாமல் இல்லை. ராத்திரி படுத்தால் மட்டும் புரியாது. பொட்டலம் கட்டிவந்த காகிதத்தையெல்லாம் படித்துப் படித்து நாலு விஷயம் தெரிந்துகொண்டவள்தான். ஆனாலும் அத்தை எதிரில் நிமிர்ந்து உட்காராமலே காலம் தள்ளினேன். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது உலகத்தில் அத்தை ஒருத்திதான். கொழுந்தனாருக்கு அவர் அண்ணன், ஊருக்குப் பட்டாளத்துக்காரர். செய்தி வந்த நாளிலிருந்து அத்தையும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. என்னால்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காணாமல் போனவர் எங்கேயோ உயிரோடு இருந்தால், நானும் இன்னொரு தடவை சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது. தாலியைக் கழற்றாமல் வாயையும் திறக்காமல் இருந்தேன்.

அத்தை படுத்த படுக்கையாகிக் கிடந்த ஒரு மத்தியானம். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, அவம் பேர ஒருக்கா சொல்லு."

"என்னாங்கத்தை இது" என்றேன்.

"வூட்ல அந்தப் பேரு கேட்டு எத்தினி வருசமாச்சு. எனக்குச் சத்தம் எழும்ப மாட்டேங்குது. நீ சொல்லு. அன்னிக்கு அந்த ஆபீசுல எவ்ளோ நல்லா சொன்ன. என்னயாட்டமே சொன்ன."

அத்தனை வருஷமும் அந்தக் கிழவிக்கு என்மேல் கோபமே இருந்திருக்கவில்லை. தன் குரலை நான் எடுத்துவைத்திருக்கிறேன் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்கிறார். நான் வாயைத் திறந்தேன். முதல் எழுத்துகூட வரவில்லை. யோசிக்காமல் ஒருநாள் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னவள், பெற்றவள் கேட்டபோது கஞ்சிக் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, வுடு" என்று கையை விட்டுவிட்டார். மூன்றாம் நாள் போய்விட்டார். கிட்டங்கியில் பட்ட வெட்கம் எப்போதோ ஆறிவிட்டது. இது ஆறவில்லை. இப்போது எழுதும்போதும் முகத்தில் சூடு ஏறுகிறது.

கிட்டங்கி இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். அந்த வியாபாரியின் வம்சத்தில் யாரும் ஊரில் இல்லை. அத்தை ஓடிய பிளாட்பாரத்தை உயர்த்தி நீட்டிவிட்டார்கள். மனசு ஆபீஸ் என்று சொன்னால் புரிந்துகொள்ளக்கூட மொரப்பூரில் ஆள் இல்லை. கொழுந்தனாரும் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரர் பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது, சத்தமாக எங்கேயும் இல்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். செல்வி காப்பி வாங்கப் போயிருந்தாள். கம்ப்யூட்டர்ப் பெண் எந்தக் கட்டத்தில் எதைத் தட்டினாளோ, என் சீட்டில் என் பேருக்குப் பதிலாக அவர் பேர் விழுந்திருக்கிறது. டாக்டர் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு சின்னப் பெண் வந்து நின்று, அந்த நீளத் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் என் பக்கம் பார்த்தாள். அது என் சீட்டுத்தான் என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.