மர ஸ்பிரிட் பறிச்ச கண்ணைக் காளத்தியப்பன் திருப்பித் தந்தார்

“இன்னா சரோஜா, பட்டப்பகல்ல ஜன்னலைச் சாத்தி வெச்சிருக்கே?”

என் வீட்டுக்காரர் படுக்கையிலிருந்து கேட்டார். ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. வெயில் அவர் முகத்து மேலயே விழுந்துகினு இருந்துச்சு. நான் அவர் கண்ணுக்கு முன்னால கையை ஆட்டினேன். “பனி மூடினாப்ல இருக்குது, எல்லாம் வெள்ளையா இருக்குது”ன்னார்.

காளத்தியப்பனை நம்புற உங்க முன்னாடி இதைச் சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. எனக்குப் பேச்சு சாதுர்யம் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்றேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆன சமயம். நான் திருப்பதியில ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். அவர் நகரி பக்கம் எங்க ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல வாத்தியார். எங்க ஊர் மெட்ராஸோட சேருமா, ஆந்திராவுலயே இருக்குமான்னு அப்ப எல்லை வழக்கு நடந்துகினு இருந்துச்சு. பள்ளிக்கூடம் இருக்குமா, வேலை நிலைக்குமான்னு அவருக்கு ஓயாத கவலை. அந்தச் சித்திரையில லீவுக்கு என்கூடத் திருப்பதியில இருந்தார். ஊர்ல ஒரு கல்யாணம். எனக்குப் பரீட்சை வேலை இருந்ததால அவர் மட்டும் போனார். மறுநாள் காலை பஸ்ஸுல திரும்பி வந்தவருக்குத் தலைவலி, வாந்தி. பஸ்ஸு குலுக்கல்னு நெனச்சேன். மத்தியானம்தான் இந்த ஜன்னல் கேள்வி.

“கல்யாணத்துல இன்னா துன்னீங்க? மறைக்காம சொல்லுங்க.”

அழுதார். “குடிச்சேன் சரோஜா. எல்லையப் பத்திப் பேசிப் பேசி மனசு கெட்டுப் போச்சு. நாற்காலிக்குப் பாலிஷ் போடுற ஒருத்தன் ஸ்பிரிட்டு வெச்சிருந்தான். மூணு பேரா குடிச்சோம். மீதி பையில கீது.”

அப்ப மதுவிலக்குக் காலம். சாராயம் கிடைக்காம ஜனங்க எதை எதையோ குடிச்ச காலம். நான் பாட்டிலை எடுத்துக்கினேன், அவரை ஜட்காவுல ஏத்தினேன், ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்க இருந்த டாக்டர் தெலுங்குக்காரர். நல்ல மனுஷர், ஆனா ஓஞ்சு போயிருந்தார். “தாகினாடு, அந்தே. போதை தெளிஞ்சா சரியாயிடும்”ன்னார். குடிச்சிருக்கான், அவ்ளோதான்னு அர்த்தம்.

“சார், இது மெத்தில் ஆல்கஹாலா இருக்கும். கண்ணைப் பறிச்சிடும், உயிரையும் எடுத்திடும்”ன்னேன்.

“எலா தெலுசம்மா நீக்கு? உனக்கு எப்படித் தெரியும்? பாட்டில் மேல எழுதியா இருக்கு?”

எழுதலை. அதுதான் கொடுமை. குடிக்கிற சாராயத்துல இருக்கிறது எத்தில் ஆல்கஹால். மரத்தைக் காய்ச்சி எடுக்கிறது மெத்தில் ஆல்கஹால். ரெண்டும் தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், ரெண்டும் நீல நெருப்பா எரியும். கடைக்காரனுக்கு ரெண்டும் ‘ஸ்பிரிட்டு’தான். பேர்ல ஒரு எழுத்து வித்தியாசம்னு பிள்ளைங்களுக்குச் சிரிச்சுக்கினே சொல்லிக் கொடுத்திருக்கேன். மெத்தில் உடம்புக்குள்ள போனா ஃபார்மிக் அமிலமா மாறும். எறும்பு கடிச்சா சுருக்குன்னு எரியுதே, அந்த அமிலம்தான். அது கண் நரம்பைத் தின்னும்.

“நான் நிரூபிச்சுக் காட்டுறேன் சார்”னு பாட்டிலோட லேபுக்கு ஓடினேன்.

எங்க புரொபசர் பரீட்சைக்கு மருந்துங்களை எடுத்து வெச்சுகினு இருந்தார். “இது மெத்திலான்னு பார்க்கணும் சார்”னு பாட்டிலை நீட்டினேன். அவரே பர்னரைப் பத்த வெச்சார். முதல்ல அயோடினும் காரமும் சேர்த்துச் சூடு பண்ணினேன். எத்தில் ஆல்கஹாலா இருந்தா மஞ்சளா அயோடோஃபார்ம் படியணும். “மஞ்சள் வா, மஞ்சள் வா”ன்னு சோதனைக் குழாயைப் பார்த்துக் கெஞ்சினேன். வரலை. அடுத்து சாலிசிலிக் அமிலம் போட்டு, கந்தக அமிலம் ரெண்டு சொட்டு விட்டு, சூடு பண்ணித் தண்ணியில ஊத்தினேன். மெத்தில்னா அதுலருந்து ஒரு தைல வாசனை வரணும். மோந்து பார்த்தேன். ஒண்ணும் தெரியலை. அழுது அழுது என் மூக்கே அடைச்சுப் போயிருந்துச்சு!

“சார், நீங்க பாருங்க சார்.”

அவர் மோந்தார். முகம் சுருங்கிடுச்சு. “நொப்பி தைலம் வாசன, சரோஜம்மா” ன்னார். வலிக்குப் பூசுற தைலம். ரெண்டு சோதனையும் ஒண்ணையேதான் சொல்லுச்சு. நான் சொன்னதுதான் சரி. சரியா இருந்ததுக்காக அன்னைக்கு மாதிரி நான் என்னைக்கும் அழுதது கிடையாது.

குழாயை எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், டாக்டர் தானே மோந்து பார்த்தார். சோடா உப்பைக் கரைச்சுக் குடுக்கச் சொன்னார், கண்ணைக் கட்டச் சொன்னார். என்கிட்ட மட்டும் தனியா, “இதுக்கு மேல எனக்கு மருந்து தெரியாதம்மா” ன்னார். அதுக்குள்ள ஊர்லருந்து சேதி வந்துச்சு. கூடக் குடிச்சவங்கள்ல ஒருத்தர் செத்துட்டார். உள்ளே இவர் மூச்சு வாங்கிக்கினு கெடந்தார். “சரோஜா, கீறியா? பக்கத்துலயே கீறியா?”ன்னு கையால துழாவினார்.

வராந்தாவுல போய்த் தரையிலயே உட்கார்ந்துட்டேன். படிச்ச படிப்பு விஷத்தோட பேரைச் சொல்லிடுச்சு. காப்பாத்த வழி சொல்லலையே! கல்யாணமான புதுசுல நாங்க ரெண்டு பேரும் காளஹஸ்தி சன்னதியில நின்னதுதான் ஞாபகம் வந்துச்சு. “அப்பனே, ஒரு வேடன்கிட்ட கண்ணை வாங்கி, கண்ணோட வலி இன்னதுன்னு தெரிஞ்சவன் நீ. எனக்கு இனிமே ஒண்ணும் தெரியாது. நீயே யாரையாச்சும் அனுப்பு” ன்னு சத்தமாவே கதறினேன். வெக்கம் மானம் எதுவும் தோணலை.

“யாருக்கும்மா உடம்புக்கு?”

நிமிர்ந்து பார்த்தேன். மொட்டைத் தலையில சந்தனம் பூசின பெரியவர். மலைக்கு வந்த இடத்துல படியில வழுக்கின அவங்க அம்மாவுக்குக் கட்டுப் போடக் கூட்டிட்டு வந்திருக்கார். நான் அழுதுகினே சொன்னேன். மெத்தில்னு சொன்னதும் அவர் குனிஞ்சார். “நான் மிலிட்டரி டாக்டரும்மா. யுத்தத்துல எங்க சிப்பாய்ங்க இதையே குடிச்சுக் கண்ணு போய்க் கெடந்தாங்க. நல்ல சாராயம்தான் இதுக்கு மருந்து. எத்தில் போனா உடம்பு முதல்ல அதைத்தான் செரிக்கும். மெத்தில் விஷமா மாறாம கொஞ்சம் கொஞ்சமா வெளியே போயிடும். வா, உள்ள போவோம்.”

எனக்குப் புல்லரிச்சுது. அவர் அந்த டாக்டர்கிட்டப் பேசினார். ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டை எடுத்தாங்க. “வேணாம் சார், அதுல மெத்தில் கலந்திருக்கும்!” ன்னு நான்தான் தடுத்தேன். சுத்தமானது எங்க லேப்ல பூட்டுல இருந்துச்சு. மதுவிலக்குக் கெடுபிடியில அதை வெளியே எடுத்தா வேலையே போகும். புரொபசர்கிட்டப் போய் நின்னேன். அவர் பூட்டைத் திறந்தார். “எவனாச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். பதா, போவோம்”ன்னு என்னோடயே ஜட்காவுல ஏறினார்.

தண்ணியில கலந்து, அளவு பார்த்து, அந்தப் பெரியவர் பக்கத்துல உட்கார்ந்து குடுத்தார். சோடா உப்பும் விடாம போச்சு. அம்மாவோட கட்டு முடிஞ்சும் அவர் கிளம்பலை. பொழுது சாயறதுக்குள்ள என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கறது குறைஞ்சுது. நான் திருநீறு பூசின நெத்தியைக் கட்டில் காலுல வெச்சுகினு அப்பன் பேரையே சொல்லிக்கினு இருந்தேன்.

ரெண்டு மூணு நாள் கழிச்சு அவர் கண்ணுக் கட்டை அவிழ்த்தாங்க. அவர் என்னையே பார்த்தார். “இன்னா சரோஜா, பொடவையைத் திருப்பிக் கட்டிக்கினு கீறே?”ன்னார். ஆமா, அத்தனை நாளும் நான் அப்படித்தான் சுத்தியிருக்கேன். வார்டே சிரிச்சுது. நான் தரையில விழுந்து கும்பிட்டேன்.

வலது கண்ணு முழுசா வந்துச்சு. இடதுல ஓரம் மட்டும் இன்னைக்கும் மங்கல்தான். அப்புறம் அவர் எதையும் தொடலை. செத்துப்போனவரோட பிள்ளைங்களைத் தானே உட்கார வெச்சுப் படிக்க வெச்சார். எங்க ஊர் ஆந்திராவுலயே நின்னுடுச்சு, பள்ளிக்கூடமும் மூடாம நிலைச்சுது. நானும் சாமிக்குப் பயந்த பக்தி போய், உரிமையோட கேட்கிற பக்தி வந்தவளா ஆனேன்.

இன்னைக்கு எங்கயோ ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல யாராச்சும் நம்பிக்கை விட்டுப் போய் உட்கார்ந்திருப்பீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் முதல்ல செய்யுங்க, பாதியில விடாதீங்க. முடியாத இடம் வந்ததும் வாயைத் திறந்து கூப்பிடுங்க. அப்பன் எந்த முகத்தோட வருவாரோ தெரியாது. யாராச்சும் வந்து “யாருக்கும்மா உடம்புக்கு”ன்னு கேட்டா, மறைக்காம சொல்லிடுங்க.