கூட்டினால் இருநூறு

1958ஆம் வருடம். புதுச்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் நாலாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். வீடு நெல்லித்தோப்பில். அப்பா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார்.

கணக்கில் வகுப்புக்கே நான்தான் முதல். அதிலும் வடிவியல் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு படத்தைக் கொடுத்து, தெரியாத கோணங்களைக் கண்டுபிடி என்றால் பல் துலக்குகிற நேரத்தில்கூட அதைப் போட்டுக்கொண்டிருப்பேன். ஐந்தாம் பாரத்தில் கணக்கை விருப்பப் பாடமாக எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. அப்பாவுக்கு அரை மனசு. "மொதல்ல வந்தா கணக்கு எடுத்துக்கோ. இல்லன்னா மனையியல்தான். அப்புறம் அழுவக் கூடாது" என்று சொல்லியிருந்தார். முதலில் வருவது எனக்கு என்ன பெரிய காரியமா என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அப்போதுதான் அவள் வந்து சேர்ந்தாள். அதுவரை பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்ட பிறகு, இனி அந்தப் படிப்பு எதற்கு என்று அவள் வீட்டில் மாற்றிவிட்டார்கள். அவள் அப்பாவுக்கு நில அளவை ஆபீஸில் வேலை. காலில் வார் வைத்த செருப்பு, டீச்சரைக் கூப்பிடுவது "மதாம்" என்று. வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. கேலி செய்தால் அழ வேண்டாமா ஒருத்தி?

என் பக்கத்தில்தான் அவளை உட்கார வைத்தார்கள். தமிழில் எழுதத் திணறினாள், ஆனால் பலகையில் டீச்சர் படம் போட்டு முடிப்பதற்குள் அவள் பென்சில் நின்றுவிடும். நான் பாதியில் இருப்பேன். டீச்சர் அவளைப் பார்த்துத் தலையசைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரியும். வெளிப்படையாகவே சொல்கிறேன், அவளுக்குக் காய்ச்சல் வரக் கூடாதா என்று மாதா கோயில் வாசலில் நின்று வேண்டிக்கொண்டேன். நாங்கள் அந்த மதம்கூட இல்லை.

வருடக் கடைசியில் தேர்வு வந்தது. இதில் வாங்கும் மதிப்பெண்தான் யார் முதல் என்பதைத் தீர்மானிக்கும் என்றார் டீச்சர். பலகையில் ஒரே ஒரு படம். இரண்டு பக்கம் சமமான முக்கோணம். அடியில் இடது மூலையிலிருந்து வலது பக்கத்தைத் தொடும்படி ஒரு கோடு. அந்தக் கோடும், முக்கோணத்தின் அடிப்பக்கமும், கோடு தொட்ட இடத்திலிருந்து உச்சி வரை உள்ள துண்டும் ஒரே நீளம். எண் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கண்டுபிடிக்க வேண்டும்.

கோடு தொட்ட இடம் எனக்குச் செங்கோணமாகப் பட்டது. போட்டேன். உச்சியில் நாற்பத்தைந்து, அடியில் இரண்டும் அறுபத்தேழரை. கூட்டினால் கச்சிதமாக நூற்றெண்பது.

தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றித் திருத்துவது எங்கள் வகுப்பு வழக்கம். "மொதல்ல கூட்டிப் பாருங்க. நூத்தியெம்பது வரலன்னா முட்டை போட்டுடுங்க, மேல பார்க்கவே வேணாம்" என்றார் டீச்சர். அவள் தாள் என் கையில். நாற்பது, எண்பது, எண்பது. கூட்டினேன். இருநூறு!

என் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! ஆப்பம் அளவுக்கு ஒரு முட்டையைப் போட்டேன். போட்டதோடு நின்றேனா? எழுந்து நின்று, "டீச்சர், இவ முக்கோணம் இருநூறு வருது!" என்று கத்தினேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"என்னாம்மா இது?" என்றார் டீச்சர்.

"செங்கோணம் நூறுதான மதாம்? எங்கப்பா அப்படித்தான் அளப்பாரு" என்று பெட்டியிலிருந்து ஒரு பழைய கோணமானியை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். அரை வட்டத்தில் எண்கள் நூற்றெண்பதில் நிற்காமல் இருநூறு வரை ஓடியிருந்தன. பிரெஞ்சு அளவையில் செங்கோணத்துக்குத் தொண்ணூறு இல்லை, நூறு என்று ஒரு கணக்கு உண்டாம். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பலகை பக்கம் திரும்பி ஏதோ பெருக்க ஆரம்பித்தார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். என் தாள் இன்னும் அவளிடம்தான் இருந்தது. மதிப்பெண் போடவில்லை. கோடு தொட்ட இடத்தில் விரலை வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"இது செங்கோணம்னு மதாம் சொன்னாங்களா? தமிழ்ல சொன்னது எனக்குத்தான் புரியாம போச்சோ என்னமோ. அதான் மார்க் போடாம வெச்சிருக்கேன்."

"யாரும் சொல்லல. பார்த்தா அப்படித் தெரிஞ்சுது" என்றேன்.

டீச்சர் பலகையில் விடையை எழுதினார். முப்பத்தாறு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு. அவளுடைய நாற்பதும் எண்பதும் நம் கணக்கில் அதுதான். என் நூற்றெண்பது சரி, உள்ளே இருந்த மூன்று கோணமும் தப்பு. டீச்சர் வந்து நான் போட்ட முட்டையை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார். அவளோ, என் தாளில் சரியாக இருந்த ஒரே வரியை, அடிக்கோணங்கள் இரண்டும் சமம் என்பதை, தேடிப் பிடித்து, அதற்குப் பாதி மதிப்பெண் போட்டுத் தந்தாள். அதற்குப் பதில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்பா சொன்ன சொல் மாறவில்லை. அவள் கணக்குக்குப் போனாள், நான் மனையியலில் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டினேன். கணக்கு வகுப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அவள் ஜடையைப் பார்த்துப் பொருமுவேன். அவள் என்னைக் கண்டால் கை காட்டுவாள், அது இன்னும் எரியும்.

இத்தனை வருடமாகியும் எனக்குப் பொறாமை போன பாடில்லை, அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பந்தலைக் கண்டால்கூட வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அன்றைக்குப் பிறகு, ஒரு வார்த்தை கேட்காமல் யாருக்கும் நான் முட்டை போட்டதில்லை.