ஊசியில் நிற்காத அட்டை

“ஏங்க, குடை எங்க?” என்று மனைவி வாசலிலிருந்து கேட்டால் இவர் எழுந்து தேடுவதில்லை. வீட்டுச் சாமானுக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கும் அட்டைக் கட்டை எடுத்து, அவற்றின் ஓரத்து ஓட்டைகளில் ஒன்றில் அவளுடைய ஸ்வெட்டர் ஊசியைச் செருகித் தூக்குகிறார். எந்த அட்டையில் அந்த ஓட்டையின் விளிம்பை வெட்டித் திறந்திருக்கிறாரோ அது நழுவி விழும், மற்றவை தொங்கும். விழுந்ததை வாசிக்கிறார்: “கதவுக்குப் பின்னாடி.” அதற்குள் மழை நின்றிருக்கும்.

“மழைக்கும் ஒரு அட்டை போட்டு வைங்க.”

பிஸ்கட் கம்பெனியில் இவருக்குப் பெயர் ஓட்டை சார். எந்தக் கடைக்கு எத்தனை டின் என்று முப்பத்தொரு குமாஸ்தாக்கள் எழுதித் தள்ளுவதை ஒரு கணினியிடம் ஒப்படைக்கலாம் என்று முதலாளியை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவர். அது அடுத்த மாதம் மூன்று லாரிகளில் வருகிறது. அதற்காகக் காலி செய்த கூடத்தில் யாரும் உரக்கப் பேசக்கூடாது.

“இன்னும் வரவேயில்லையே சார்?”

“வந்தப்புறம் பழகினா லேட்டு.”

கணினிக்கு வேலை சொல்ல ஒருவர் போதும். மீதி முப்பது பேரும் பேக்கிங் பிரிவுக்கு. அந்த ஒருவரை முகம் பார்த்துப் பொறுக்குவாரா இவர்? ஆளுக்கோர் அட்டை, தகுதிக்கோர் ஓட்டை என்று போட்டுவிட்டார்.

நேற்று எல்லார் முன்னிலையிலும் ஊசி ஏறியது. பொறுமைக்கு விழுந்த ஓர் அட்டை கணக்குக்கும் விழுந்தது. கொட்டாவி விடாமைக்கும் விழுந்தது. கணினியின் மேல்தட்டு எட்டுகிற உயரமா? விழுந்தது. கீழ்த்தட்டுக்குள் புகுகிற குட்டையா? அதற்கும் பொத்தென்று விழுந்தது.

அந்த அட்டை மூலை மேஜைக் குமாஸ்தா அம்மாளுடையது. விளிம்பெல்லாம் எலி கடித்தது போல் இருந்தது.

“ஏம்மா, யாரு வெட்டினது?”

“நான்தான் சார், நகவெட்டியால. நாள் முழுக்க நின்னு பேக்கிங் பண்ண என் முட்டி தாங்காது.”

“உயரமும் நீங்கதான், குட்டையும் நீங்கதானா?”

“ஊசிக்கு என்னைத் தெரியுமா சார்? ஓட்டை தெறந்திருந்தா விட்டுடும், மூடியிருந்தா புடிச்சுக்கும். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானே?”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. கணினிக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான் என்று எட்டு மாதமாக இவர்களுக்குக் கரும்பலகையில் தொண்டை வறள விளக்கிவந்தார். ஒருவராவது தூங்காமல் கேட்டிருக்கிறார்!

சட்டைப்பையிலிருந்து ஓட்டை வெட்டும் குறடு ஒன்றை எடுத்தார். பிசிறடித்த விளிம்புகளை ஒவ்வொன்றாக நறுக்கிச் சீராக்கினார், உயரத்தையும் குட்டையையும் சேர்த்து.