மாரிக்கண்ணனின் மீன்தொட்டியும் எட்டாம் நாள் தண்ணீரும்

2024 பிப்ரவரி 4: கண்ணாடித் துண்டுகள், அறுப்புக் கூலியோடு – ரூ. 420
பிப்ரவரி 4: சிலிக்கான் பசை – ரூ. 180
பிப்ரவரி 11: காற்று மோட்டார், குழாய் – ரூ. 250
பிப்ரவரி 18: கப்பி மீன், ஐந்து ஜோடி – ரூ. 150
மார்ச் 3: கப்பி, மூன்று ஜோடி – ரூ. 90
மார்ச் 24: கப்பி, நான்கு ஜோடி – ரூ. 120

திருச்சுழி மாரிக்கண்ணன் தன் கையாலேயே ஒட்டிய மீன்தொட்டிக்கு ஆன செலவு இது. ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம். பசை காய்ந்ததும் நீர் நிறைத்து வைத்து, மூலைக்கு மூலை விரலால் தடவி ஒழுகுகிறதா என்று நாள்கணக்கில் பார்த்தார். எதையும் நம்பி விட்டுவிடுகிற ஆள் இல்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சுக் கடையில் எடை பார்த்தே தலை நரைத்தவர். எடை கூடட்டும் என்று பொதியின் நடுவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள் சிலர். மாரிக்கண்ணன் முழங்கை வரை உள்ளே விட்டு ஈரம் பார்ப்பார். மாமனார் கொண்டுவந்த பொதியையும் விடவில்லை என்று அவர் மனைவி ஈஸ்வரி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். கடையை விட்டு நின்ற பிறகு கை விட்டுப் பார்க்கப் பொதி இல்லை. மீன் வளர்க்கத் தொடங்கினார்.

எதிர்வீட்டு ஜெப ஷீலா துணி தைத்துப் பிழைப்பவள். கணவன் இல்லை, வீட்டில் குழாயும் இல்லை. எட்டு நாளைக்கு ஒரு தரம் குடிதண்ணீர் வரும்போது இரண்டு குடத்தோடு வந்து இவர்கள் முற்றத்தில் பிடித்துக்கொள்வாள். ஈஸ்வரியோடு ஊர்க்கதை பேசி முடித்துத்தான் போவாள். வெகுகாலமாக அப்படித்தான்.

மீன் வந்த பிறகு முதல்முறை தண்ணீர் வந்தபோது, மாரிக்கண்ணன் மீனுக்குத்தான் முதலில் பிடித்தார். வீட்டுப் போர்வெல் தண்ணீர் உப்பு. பாத்திரம் கழுவத்தான் ஆகும். மீனும் வீட்டில் ஓர் உயிர், அதற்குப் போய் உப்புத் தண்ணீரா? தொட்டியைக் காலி செய்து, குழாயிலிருந்து பிடித்த கையோடு நிறைத்தார். ஷீலா குனிந்து பார்த்து, "பாவம்ணே, இதுகள இப்படி அடைச்சு வச்சிருக்கீக" என்றாள்.

மறுநாள் காலை மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

மறுபடி வாங்கினார். மறுபடியும் தண்ணீர் வந்தது, ஷீலா வந்தாள், மீன் செத்தது. அடைத்து வைத்தது பாவம் என்று சொன்னவள், கையில் எதையாவது கொண்டுவந்து போட்டுவிட்டாளா? சோப்புத்தூளா? அல்லது வெறும் கண்ணா? ஈஸ்வரியிடம் சொன்னார். "அவ கண்ணு பட்டுச் சாகுதுன்னா, வாராவாரம் அவளோட பேசுற நான் எப்படி உசுரோட இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மூன்றாம் தரம் வாங்கிய மீன்கள் பிழைத்தன. எங்கோ பெரிய குழாய் உடைந்து, இரண்டு முறை தண்ணீர் வரவில்லை. தொட்டியில் குறைந்ததற்கு வேறு வழியில்லாமல் உப்புத் தண்ணீரை விட்டார். மீன் குஞ்சு போட்டது. தண்ணீர் வராததால் ஷீலாவும் வரவில்லை. மாரிக்கண்ணனுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியிருக்கவில்லை.

குழாய் சரியாகித் தண்ணீர் வந்த அன்று, அவள் வருமுன் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்பக்கம் நின்றார். இந்தப் பக்கத்தில் தண்ணீர் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அனுப்பினால் பாவம். அதனால் தண்ணீரை மறுக்கவில்லை.

"குடத்த வெளியவே வச்சிரு ஷீலா. ஈஸ்வரி நெறச்சுக் கொண்டாந்து வைப்பா."

அவள் கேட்டுக் கம்பி வழியாகத் தொட்டியைப் பார்த்தாள். "மீனுக்காகவாண்ணே?"

அவர் தாழ்ப்பாளைப் போட்டார். அவள் வெறுங்குடங்களோடு திரும்பிப் போனாள்.

அன்றும் தொட்டிக்குப் புதுத் தண்ணீர் மாற்றினார். காலையில் குஞ்சு முதற்கொண்டு ஒன்றும் மிஞ்சவில்லை. கேட்டின் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தார். போட்டது போட்டபடி இருந்தது.

"சுவரேறிக் குதிச்சாளோ என்னமோ, நல்லாப் பாருங்க" என்றாள் ஈஸ்வரி.

சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டான் என்று சண்டை போடத்தான் அருப்புக்கோட்டை மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் என்ன தண்ணீர் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "பிளீச்சிங் பவுடர் கலந்து வர்ற தண்ணிய அப்படியே ஊத்துனா எந்த மீனுய்யா நிக்கும்? ஒரு நா வாளியில கெடக்கட்டும். கப்பிக்கு உங்க உப்புத் தண்ணியே போதும்."

அவரையும் நம்பவில்லை. இரண்டு மீன் வாங்கி வந்து, அடுத்துத் தண்ணீர் வந்த அன்று ஒன்றைக் குழாய்த் தண்ணீரிலும் மற்றதை உப்புத் தண்ணீரிலும் விட்டார். விடிந்தபோது உப்புத் தண்ணீர் மீன் மட்டும் வாலாட்டிக்கொண்டிருந்தது. மேல்துண்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

ஷீலா தையல் மெஷினை நிறுத்தவில்லை. தப்பாக நினைத்துவிட்டதாகவும், இனி வழக்கம்போல வந்து பிடித்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

"இப்ப எப்படிண்ணே தெரிஞ்சது?"

"கடைக்காரன் சொன்னான். நானும் ஒரு மீன விட்டுப் பாத்தேன்."

"ஒரு மீனு செத்துத்தான் என்னைய நல்லவன்னு சொல்லணுமா?"

ஊராட்சி அலுவலகத்தில் சொந்தக் குழாய் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அதுவரை தெருக்கோடிப் பொதுக்குழாயில் வரிசையில் நின்றாள். தண்ணீர் வரும் நாளில் மாரிக்கண்ணன் கேட்டை அகலத் திறந்து போட்டார். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே திரும்பாமல் அதைக் கடந்து நடந்து போனாள். வீட்டு வரி ரசீது கேட்டு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. தெருவை அளக்க வருவதாக இன்னொன்று வந்தது. ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிவிட மாட்டார்களா, அவள் பழையபடி இங்கே வர மாட்டாளா என்று தபால்காரரை மறித்து விசாரித்துக்கொண்டிருந்தார் மாரிக்கண்ணன்.

இணைப்புக்கு அனுமதி கொடுத்துக் கடைசிக் கடிதம் ஷீலாவுக்கு வந்த தேதி 2024 ஜூலை 19.