பத்து மணிக்குள் முடிய வேண்டிய நாடகம்

தாராவியில் எங்கள் கோயில் கொடைக்கு வருஷம்தோறும் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு நாடக செட் வரும். ஊரில் விடிய விடிய நடக்கிற இசை நாடகத்தை இங்கே பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. முந்தைய வருஷம் பதினொன்றரை ஆகிவிட்டது. அதனால் இந்த முறை கொடையை நடத்தும் என் மாமா போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். மீறினால் இனி நாடகத்துக்கு அனுமதியே கிடையாது.

நேரம் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடப் பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பையிலேயே பட்டியல் ஒட்டி வைத்திருந்த பிள்ளை என்பதுதான் தகுதி. ஒவ்வொரு காட்சிக்கும் நிமிடம் போட்டு எழுதினேன். மாமா ஒரு பித்தளை மணியும் கொடுத்தார்.

கதை எளிது. மாறுவேடத்தில் வரும் ராஜா தன் கணவன் என்று ராணிக்கு அடையாளம் தெரியவில்லை, தர்க்கம் செய்து விரட்டுகிறாள், கடைசியில் தெரிந்துகொள்கிறாள். ராணியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் அம்மா எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். ஒரே அறை. பகல் முழுக்க மின்விசிறிக்கு நேர் கீழே தூங்குவார். இரண்டு நாளாக நான் படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். எழுந்ததும் என் பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"எனக்கு எத்தன நிமிசம் போட்டுருக்க?"

"தர்க்கத்துக்கு இருபத்தஞ்சு. அடையாளம் தெரியறதுக்கு அஞ்சு."

"அஞ்சு நிமிசத்துல புருசனக் கண்டுபிடிக்கிறவ எதுக்கு நாடகத்துக்கு வர்றா? வீட்டுலயே இருந்துக்கிறலாம்ல."

நான் மாமாவைப் பார்த்தேன். "அவுக அப்படித்தான் சொல்லுவாக," என்றார். "நீ மணிய அடிட்டி."

நாடகம் தொடங்கும்போதே தாமதம். பபூன் எட்டு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். ராஜா திரைக்குப் பின்னால் நின்றே ஒரு பாட்டை முழுசாகப் பாடிவிட்டுத்தான் வெளியே வந்தார். ஒன்பதே காலுக்குத் தர்க்கம் முடிந்திருக்க வேண்டும்; அப்போதுதான் ஆரம்பித்தது. இருபத்தைந்து நிமிடம் ஆனதும் மணியை அடித்தேன். ஸ்திரீபார்ட் அம்மா சற்றுக் காது கொடுத்தார். பிறகு, எந்தக் கோயில் மணி இது, எந்தத் தேர் கிளம்புகிறது என்று அதையே பாட்டாக எடுத்தார். ஆர்மோனியக்காரர் சிரித்துக்கொண்டே பின்தொடர்ந்தார். கூட்டம் விசிலடித்தது. இன்னும் இரண்டு முறை அடித்தேன். இரண்டுக்கும் பாட்டில் ஒவ்வொரு அடி கூடியது. என் மணியால் நாடகம் ஆறு நிமிடம் நீண்டது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பத்துக்கு ஐந்து நிமிடம். பந்தல் வாசலில் போலீஸ்காரர் வந்து நின்றார். மேடையில் ராஜாவுக்கு வியர்வையில் ஒரு பக்க மீசை இறங்கியிருந்தது. ராணி அவரைக் கண்டுகொள்கிற மாதிரியே இல்லை. மாமா ஒலிபெருக்கிக்காரரிடம் போய் ஏதோ சொன்னார். மைக் நின்றது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஸ்திரீபார்ட் அம்மா பாட்டை நிறுத்தினார். மாமாவைப் பார்த்தார். மேடை விளிம்புக்கு வந்து, மைக் இல்லாமலே விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினார். பின்னால் இருந்தவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். அழுத குழந்தைகளை வெளியே தூக்கிப் போனார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் அவ்வளவு சத்தமில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போலீஸ்காரர் மாமாவிடம், "ஸ்பீக்கர் பந்த் ஹை நா?" என்றார், அணைத்தாயிற்றா என்று.

"பந்த் ஹை, சாப். " நீங்களே பாருங்கள் என்று மாமா கையைக் காட்டினார்.

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, பத்தே கால்," என்றேன்.

"தெரியும்ட்டி. மணிய இங்க குடு. சும்மா உக்காரு."

ராணிக்குக் கணவனை அடையாளம் தெரிந்தபோது மணி பதினொன்று ஐந்து. என் பட்டியலில் அதற்குக் கட்டமே இல்லை. இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. மைக்கை அணைத்துவிட்டும் ஒரு ஆளை நிறுத்தத் தெரியாத மனிதர் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா சிரித்தாள். நாடகத்தை நிறுத்துவதற்காகவா மாமா மைக்கை அணைத்தார் என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.